பிரீ-சீசன் ஆட்டத்தை வைத்து ஒரு ஃபுட்டி அணியை எடைபோடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் (ஃபுட்டி) முதன்மை லீக்கான ஏ.எஃப்.எல். சீசன் மார்ச்சில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒவ்வொரு அணியும் ஆடும் ஓரிரு பயிற்சி ஆட்டங்களை வைத்து வருடம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. தோற்றால் "இந்த வருஷம் அவ்வளவுதான்", ஜெயித்தால் "செப்டம்பரில் (கோப்பை முடிவாகும் மாதம்) நாமதான்". இரண்டும் அவசரம். அதற்காக, இந்த ஆட்டங்களில் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கோர்போர்டிலிருந்து கண்ணை எடுத்தால் நிறையவே தெரியும். ஃபுட்டியின் அடிப்படை விதிகள் ஓரளவு தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிரீ-சீசனில் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்?

இப்போதைய வழக்கப்படி ஒரு அணிக்கு இரண்டு. முதலாவது மேட்ச் சிமுலேஷன். இது இரண்டு கிளப்களும் பேசி வைத்துக்கொள்ளும் பயிற்சி. எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், எத்தனை பேரை இறக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் விருப்பம். நான்கு குவார்ட்டருக்குப் பதில் ஐந்தோ ஆறோ வைத்து, கடைசிப் பகுதிகளை இளைஞர்களுக்கு விட்டுவிடுவதும் உண்டு. இரண்டாவது, லீக் நடத்தும் கம்யூனிட்டி சீரிஸ் ஆட்டம். நான்கு குவார்ட்டர், முறையான நடுவர்கள், டிவி ஒளிபரப்பு எல்லாம் இருப்பதால் இது நிஜ ஆட்டத்துக்கு நெருக்கமானது. எடைபோட வேண்டுமென்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதற்கு மதிப்பே இல்லையா?

கிட்டத்தட்ட இல்லை. இதைச் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. 1988 முதல் 2013 வரை பிரீ-சீசன் என்பது கோப்பையோடு கூடிய ஒரு தனிப் போட்டி. 50 மீட்டருக்கு வெளியிலிருந்து அடித்த கோலுக்கு (வழக்கமாக 6) 9 புள்ளி தரும் "சூப்பர் கோல்" விதிகூட அதில் இருந்தது. அந்தக் கோப்பையை ஜெயித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பாருங்கள்.

2005இல் கார்ல்டன் கோப்பையைத் தூக்கியது. அதே வருஷம் சீசனை 16 அணிகளில் கடைசியாக முடித்தது. 2007இல் மறுபடி கார்ல்டன்தான் ஜெயித்தது. ஜூலையில் பயிற்சியாளர் டெனிஸ் பேகன் வேலை இழந்தார், அணி 15ஆம் இடம். 2013இன் கடைசி இறுதியாட்டத்தில் பிரிஸ்பேன் லயன்ஸ் கார்ல்டனை வென்றது. ஆகஸ்டில் பிரிஸ்பேன் தன் பயிற்சியாளர் மைக்கேல் வாஸை நீக்கியது, அணி 12ஆம் இடத்தில் முடிந்தது.

மறுபக்கமும் உண்டு. 2000இல் எசெண்டன் பிரீ-சீசன் கோப்பையை வென்றது. அதன்பின் அந்த சீசன் முழுவதும், ஃபைனல்ஸையும் (முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக ஆடும் கடைசிச் சுற்றுகள்) சேர்த்து, ஆடிய 25 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் தோற்றது, அதுவும் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம். 2009இல் ஜீலாங் பிரீ-சீசன் கோப்பை, சீசன் கோப்பை இரண்டையும் வாங்கியது. ஹாத்தர்ன் 1988லும் 1991லும் இதையே செய்திருக்கிறது. ஆனால் அந்த அணிகள் எல்லாமே ஏற்கெனவே பலமானவை என்று ஊருக்கே தெரியும். கோப்பை புதிதாக எதையும் சொல்லவில்லை. கோப்பைக்காக ஆடிய காலத்திலேயே முடிவு இவ்வளவு தாறுமாறு என்றால், இன்று பணயமே இல்லாத ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து என்ன செய்ய முடியும்?

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

யார் எப்போது களத்தில் இருந்தார்கள் என்பதை. மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பின்னால்தான்.

வழக்கமான சீசன் ஆட்டத்தில் 18 பேர் களத்தில் இருப்பார்கள், பெஞ்சில் சிலர். யார் இறங்குகிறார், எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. பிரீ-சீசனில் பெஞ்ச் நீளம். முதல் பாதியில் ஆடிய நட்சத்திர மிட்ஃபீல்டர் மூன்றாவது குவார்ட்டரில் கால்களில் ஐஸ் கட்டி உட்கார்ந்திருப்பார். அவர் இடத்தில் நவம்பர் டிராஃப்டில் (கிளப்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்த 18 வயதுப் பையன் ஓடுவான். ஆகவே "கடைசிக் குவார்ட்டரில் ஏழு கோல் வாங்கினோம்" என்று யாராவது புலம்பினால், அந்த ஏழு கோலும் யாருக்கு எதிராக விழுந்தன என்று கேளுங்கள்.

நான் பார்க்கும் முறை இது: இரண்டு அணிகளும் தங்கள் முதல் தர ஆட்களை வைத்திருக்கும் நேரம் எது என்று முதலில் பிரித்துக்கொள்வேன். பெரும்பாலும் அது முதல் பாதி, சில சமயம் மூன்றாவது குவார்ட்டரின் பாதி வரை நீளும். அந்த நேரத்தில் நடந்ததை மட்டும் அணியின் கணக்கில் எழுதுவேன். மிச்சத்தைத் தனித்தனி வீரர்களின் கணக்கில் வைப்பேன். டிராஃப்ட் பையன் எப்படி ஓடினான், காயத்திலிருந்து திரும்பியவர் எப்படித் திரும்பினார் என்று.

ஆட்டம் தொடங்கும் முன், அணியின் முதல் தர ஆட்கள் யார் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதில் எத்தனை பேர் இன்று ஆடுகிறார்கள் என்று டிக் போடுங்கள். எதிரணிக்கும் அதையே செய்யுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அணி எப்படி ஆட நினைக்கிறது என்பது தெரியுமா?

தெரியும். பிரீ-சீசன் ஆட்டத்தின் உண்மையான மதிப்பே இதுதான். நவம்பரிலிருந்து பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது வீரர்களின் கால்களில் தெரிந்துவிடும். அதை மறைப்பது கடினம்.

பந்து தன் தற்காப்பு 50க்குள் (தன் கோலைச் சுற்றிய 50 மீட்டர் வளைவுக்குள்) கையில் கிடைத்ததும் அணி என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்லைக்கோட்டை ஒட்டி நீளமாக உதைத்து, உயரமான ரக் வீரர் (நடுவர் மேலே போடும் பந்தை எட்டித் தட்டுபவர்) இருக்கும் கூட்டத்தில் போடுகிறதா? குறுகிய உதைகளால் மார்க் மேல் மார்க் (உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடிப்பது) எடுத்து, எதிரணி வரிசை கலையும் வரை காத்திருக்கிறதா? அல்லது ஹேண்ட்பால் (கை முஷ்டியால் பந்தைத் தட்டிக் கொடுப்பது) கொடுத்துக்கொண்டே மைதானத்தின் நடுவழியாகப் பாய்கிறதா? நடுவழி ஆபத்தானது. அங்கே பந்தை விட்டால் எதிரணிக்கு நேராகக் கோல். போன வருஷம் ஓரமாகவே போய்க்கொண்டிருந்த அணி இந்த வருஷம் நடுவே போகத் துணிந்திருந்தால், பயிற்சியாளர் எதையோ மாற்றியிருக்கிறார். அந்த முயற்சியில் நாலு முறை பந்தை இழந்து நாலு கோல் வாங்கினாலும் எனக்குக் கவலை இல்லை. பிப்ரவரியில் தவறுவதற்காகத்தான் இந்த ஆட்டமே.

இதைப் பார்க்க நல்ல தருணம் கிக்-இன். எதிரணி அடித்தது பிஹைண்டாக (கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் போய் ஒரே புள்ளி தருவது) போனதும், கோல் சதுரத்திலிருந்து ஆட்டம் மறுபடி தொடங்கும். அந்தச் சில விநாடிகளில் இரண்டு அணிகளின் திட்டமும் பாடம் போலக் கண்முன் விரிந்திருக்கும். எதிரணி எங்கே வேலி போட்டிருக்கிறது, நம் ஆட்கள் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பந்தை வைத்திருப்பவர் உடனே ஓடுகிறாரா நின்று தேடுகிறாரா என்று பாருங்கள். ஒரு கிக்-இன்னை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நடக்கும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் திட்டம்.

புதிய பயிற்சியாளர் வந்த வருஷத்தில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். 2024 இறுதியாட்டத்தில் 60 புள்ளியில் தோற்ற சிட்னி ஸ்வான்ஸை விட்டு ஜான் லாங்மயர் அந்த நவம்பரில் விலகினார். உதவியாளராக இருந்த டீன் காக்ஸ் பொறுப்புக்கு வந்தார். அந்த மாதிரி நேரத்தில் அணி பழைய பாதையிலேயே போகிறதா, புதிதாக ஏதாவது முயல்கிறதா என்பதற்கு முதல் விடை பிரீ-சீசனில்தான் கிடைக்கும்.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது?

இதைத்தான் ரசிகர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். கண் பந்தின் மேலேயே இருக்கும். ஏ.எஃப்.எல்.லில் அடிக்கப்படும் மொத்தப் புள்ளிகளில் பாதிக்கும் மேல் டர்ன்ஓவரிலிருந்து, அதாவது எதிரணியிடம் பறித்த பந்திலிருந்து வருகின்றன. ஆகவே பந்தை இழந்த அடுத்த நொடி அணி எப்படி அடுக்கிக்கொள்கிறது என்பது சீசன் முழுவதும் பேசப்போகும் விஷயம்.

பந்தை இழந்ததும் ஃபார்வர்டுகள் திரும்பி விரட்டுகிறார்களா, இடுப்பில் கை வைத்து நிற்கிறார்களா? பின்வரிசை டிஃபெண்டர்கள் மேலேறி வந்து அணியைச் சுருக்கி வைக்கிறார்களா, நடுவில் பெரிய இடைவெளி விழுகிறதா? எதிரணி இரண்டே உதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க் கோல் அடித்தால், அது ஒருமுறை நடந்தால் தற்செயல். முதல் தர ஆட்கள் இருந்த நேரத்தில் நாலைந்து முறை நடந்தால் குறித்து வையுங்கள். எனக்கு உண்மையாகவே கவலை தரும் பிரீ-சீசன் அறிகுறி இது ஒன்றுதான்.

நடுக்களத்தில் என்ன பார்க்கலாம்?

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் நடுவட்டத்தில் தொடங்கும். 2019 முதல் 6-6-6 விதிப்படி ஒவ்வொரு அணியிலிருந்தும் இரண்டு முனையிலும் ஆறாறு பேர், நடுவில் ஆறு பேர் நிற்க வேண்டும். அந்த ஆறில் நான்கு பேர் நடுச் சதுரத்துக்குள் இருப்பார்கள்: ஒரு ரக், மூன்று மிட்ஃபீல்டர்கள். யார் அந்த மூன்று பேர் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு வெளியாகும் எண்களிலும் இது கிடைக்கும். ஒருவர் எத்தனை பந்து எடுத்தார் என்பதைவிட, பயிற்சியாளர் அவரை எங்கே நிறுத்தினார் என்பது இந்த மாதத்தில் முக்கியம். முதல் வருஷம் ஹாஃப்-பேக்கில் (தற்காப்பின் முன்வரிசை) ஆடி 2022இல் ரைசிங் ஸ்டார் (சிறந்த இளம் வீரர்) விருது வாங்கிய காலிங்வுட்டின் நிக் டைகோஸ், மறு வருஷம் நடுக்களத்துக்கு நகர்ந்தார். அந்த மாதிரி இடமாற்றங்களின் முதல் தடயம் இந்த ஆட்டங்களில் தெரியும். ஃபேன்டசி விளையாட்டில் (நிஜ வீரர்களின் எண்களை வைத்து ஆடும் கற்பனைப் போட்டி) அணி தேர்ந்தெடுப்பவர்கள் பிரீ-சீசனை விழுந்து விழுந்து பார்ப்பதும் இதற்காகத்தான்.

எந்த எண்களை நம்பலாம்?

இன்சைட் 50 (எதிரணிக் கோலின் 50 மீட்டர் வளைவுக்குள் பந்தைக் கொண்டுபோவது) எண்ணிக்கை, கிளியரன்ஸ் (கூட்டத்திலிருந்து பந்தை வெளியே எடுப்பது), கன்டெஸ்டட் பொசெஷன் (போட்டி போட்டுப் பறித்த பந்து) ஆகியவை ஓரளவு உதவும். அதுவும் குவார்ட்டர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் மட்டும். மொத்த எண் எதையும் சொல்லாது.

கோல் துல்லியத்தை விட்டுவிடுங்கள். கணக்குக்காக ஒரு கற்பனை ஆட்டம்: ஒரு அணி 58 முறை முன் 50க்குள் பந்தைக் கொண்டுபோய் 8 கோல் (தலா 6 புள்ளி), 17 பிஹைண்ட் (தலா 1) அடித்தது, மொத்தம் 65. எதிரணி 45 முறை போய் 11 கோல், 9 பிஹைண்ட், மொத்தம் 75. ஸ்கோர்போர்டில் முதல் அணி 10 புள்ளியில் தோற்றது. நான் என்றால் அந்த அணியைப் பற்றி நல்லதாகவே எழுதுவேன். பந்து மறுபடி மறுபடி சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்ப்பேன்: அந்த 17 பிஹைண்டுகளும் எங்கிருந்து வந்தன? கோலுக்கு எதிரே 30 மீட்டரிலிருந்து தவறியவை என்றால் விட்டுவிடலாம். எல்லாமே எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து அவசரமாக அடித்தவை என்றால், எதிரணி வேண்டுமென்றே அங்கே தள்ளியிருக்கிறது.

டேக்கிள் குறைவாக இருந்தது, வேகமே இல்லை. கவலைப்படலாமா?

வேண்டாம். அடுத்த வாரம் நிஜ ஆட்டம் இருக்கும்போது எவரும் உடம்பை முழுதாகத் தூக்கிப் போடமாட்டார். பிரஷர் என்பது பிரீ-சீசனில் எப்போதும் குறைவாகவே இருக்கும். அதனால் எதிர்ப்பக்கமும் எச்சரிக்கை தேவை. பிரஷர் இல்லாத இடத்தில் எல்லோருமே அழகாகப் பந்தைக் கடத்துவார்கள். நடுவழியாக அருமையாக ஆடிய அணியைப் பார்த்து மகிழும் முன், எதிரில் யாராவது நெருக்கினார்களா என்று பாருங்கள்.

புதுப் பையன்களை எப்படி மதிப்பிடுவது?

எத்தனை முறை பந்தைத் தொட்டான் என்பதை விடுங்கள். பந்து இல்லாதபோது எங்கே நின்றான், தவறு செய்த பிறகு அடுத்த பந்துக்குப் போனானா, மூத்தவர்கள் அவனை நம்பிப் பந்தைக் கொடுத்தார்களா என்று பாருங்கள். இந்த மூன்றாவது பொய் சொல்லாது. கூட ஆடுபவர்கள் கோடை முழுவதும் அவனோடு பயிற்சி செய்தவர்கள். நெருக்கடியில் அவன் பக்கம் திரும்பி ஹேண்ட்பால் கொடுத்தால், அவனைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, முதல் பாதியிலேயே முதல் தர ஆட்களோடு இறக்கப்பட்டானா என்பது. அப்படியென்றால் முதல் சுற்றில் அவன் பெயர் வர வாய்ப்பு அதிகம்.

வெயிலும் மைதானமும் பாதிக்குமா?

நிச்சயமாக. பிப்ரவரி இறுதி இங்கே கோடை. 30 டிகிரிக்கு மேல் பகலில் ஆடும் ஆட்டத்தையும் ஜூலை மழையில் ஆடும் ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அப்புறம் மைதானம். ஃபுட்டி மைதானங்களுக்கு ஒரே அளவு கிடையாது. மெல்போர்னின் எம்.சி.ஜி. அகலமானது, ஜீலாங்கின் கார்டினியா பார்க் ஒடுக்கமாக நீண்டது. பிரீ-சீசன் ஆட்டங்கள் பலவும் பெரிய ஸ்டேடியங்களை விட்டு கார்ல்டனின் பிரின்சஸ் பார்க், புல்டாக்ஸின் விட்டன் ஓவல், பல்லாரட், லான்செஸ்டன் போன்ற இடங்களுக்குப் போகும். திறந்த மைதானத்தில் காற்று ஒரு முனைக்கு அடித்தால் கோல்கள் எல்லாம் அந்த முனையிலேயே விழும். அப்போது குவார்ட்டர் ஸ்கோரைப் பார்த்து "எழுந்தார்கள், விழுந்தார்கள்" என்று பேசுவது வீண்.

பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே மறைப்பார்களா?

சிலவற்றை மறைப்பார்கள். நடுவட்டத்தில் செய்யும் திட்டமிட்ட நகர்வுகள், எதிரணி நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டே திரியும் டேகர் யார் என்பது, இவையெல்லாம் முதல் சுற்று வரை பெட்டிக்குள்ளேயே இருக்கும். முதல் சுற்றிலேயே சந்திக்கப்போகும் அணி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் அதிகம் மறைப்பார்கள். ஆனால் அடிப்படை அமைப்பை, பந்தை எப்படி நகர்த்துவது, எப்படித் தடுப்பது என்பதை மறைக்க முடியாது. அதைப் பழகுவதற்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் இதுதான்.

இந்த ஆட்டத்தில் நிஜமாகவே இழக்கக்கூடியது ஏதாவது உண்டா?

ஆட்கள். புள்ளிப் பட்டியலில் எதுவும் ஏறாவிட்டாலும் காயமும் தடையும் அப்படியே சீசனுக்குள் வரும். 2024 மார்ச்சில் செயின்ட் கில்டாவின் ஜிம்மி வெப்ஸ்டர், நார்த் மெல்போர்ன் இணை கேப்டன் ஜை சிம்ப்கினை மோதியதற்கு 7 ஆட்டத் தடை பெற்றார். மோதல் நடந்தது பிரீ-சீசனில், தடையை அனுபவித்தது சீசனில். 2025 பிரீ-சீசனில் சிட்னியின் எரல் குல்டனுக்குக் கணுக்கால் முறிந்து பல மாதங்கள் வெளியே இருந்தார். அந்த வருஷம் சிட்னி ஃபைனல்ஸுக்குப் போகவில்லை. காயம்பட்டவர்கள் பட்டியலே பிரீ-சீசன் ஆட்டத்தின் மிக முக்கியமான முடிவு என்று நான் சொல்வேன்.

சரி, எப்போதுதான் ஒரு அணியின் ஃபார்மை நம்புவது?

என் கணக்கில் ஐந்தாறு சுற்றுகள் போக வேண்டும். அதிலும் அவசரப்படக் கூடாது. 2024இல் பிரிஸ்பேன் தன் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானமான காபாவில் கார்ல்டனைவிட 46 புள்ளி முன்னிலையில் இருந்து ஒரே புள்ளியில் தோற்றது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. செப்டம்பரில் கோப்பையை வாங்கியது அதே பிரிஸ்பேன், அதுவும் ஐந்தாம் இடத்திலிருந்து வந்து. நிஜ ஆட்டங்களே இப்படி ஏமாற்றும்போது, பயிற்சி ஆட்டத்தின் பேரில் சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

நேரில் போய்ப் பார்ப்பதா, டிவியில் பார்ப்பதா?

முடிந்தால் நேரில். டிவி கேமரா பந்தைத் துரத்தும், நாம் மேலே பேசிய தற்காப்பு அடுக்கு எல்லாம் திரைக்கு வெளியே போய்விடும். சின்ன மைதானம் என்பதால் விரும்பிய இடத்தில் நிற்கலாம். கோல் கம்பங்களுக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான இடமாகப் பாருங்கள். அங்கிருந்துதான் மொத்த மைதானத்தின் அமைப்பும் நேராகத் தெரியும். இரண்டாவது குவார்ட்டரில் அணிகள் முனை மாறும், நீங்கள் அதே இடத்திலேயே நில்லுங்கள், அதே அணியின் இன்னொரு பாதி கிடைக்கும். தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் மறக்க வேண்டாம். இந்த மைதானங்களில் நிழல் குறைவு.